சர்க்கரைவள்ளிக் கிழங்கை எப்போது நடுவது? உறைபனிக் கணக்கும் மதுரையின் மழைக் கணக்கும்

சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் பற்றி அமெரிக்கரோ ஐரோப்பியரோ எழுதிய தோட்டக் குறிப்பு எதைப் புரட்டினாலும், கடைசி உறைபனி நாள் கழிந்து இரண்டு மூன்று வாரம் ஆன பிறகே கொடியை நட வேண்டும் என்ற வரி தவறாமல் இருக்கும். மதுரையில் வீட்டுக் கொல்லையிலோ மாடியிலோ முதன்முறையாக இக்கிழங்கைப் பயிரிட நினைப்பவர் அதைப் படித்துவிட்டு, நம் ஊருக்கு அந்த நாள் எது என்று தேடத் தொடங்குகிறார். மதுரைச் சமவெளிக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. ஆனால் அந்த நாளை அவர்கள் எப்படிக் கணக்கிடுகிறார்கள், எதற்காகக் கணக்கிடுகிறார்கள் என்பதை விளங்கிக்கொண்டால், அதே முறையில் நமக்குரிய நடவு நாளை நாமே கணக்கிட்டுக்கொள்ளலாம். அந்த முறையைப் புதியவர்களுக்குச் சொல்லித் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உறைபனி எப்படி விழுகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். பகலில் வாங்கிய வெப்பத்தை இரவு முழுவதும் தரை வானத்தை நோக்கி விட்டுக்கொண்டே இருக்கிறது. மேகம் இருந்தால் அந்த வெப்பத்தில் ஒரு பங்கு தரைக்கே திரும்பி வரும். காற்று வீசினால் மேலே உள்ள சற்று வெதுவெதுப்பான காற்று கீழே வந்து கலக்கும். இரண்டும் இல்லாத தெளிந்த குளிர்கால இரவில், புல்லும் இலையும் தம்மைச் சுற்றியுள்ள காற்றைவிட விரைவாகக் குளிர்ந்து 0 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கிவிடுகின்றன. அப்போது காற்றில் உள்ள நீராவி இலையின் மேல் நீர்த்துளியாகாமல் நேரடியாகப் பனிப்படிகமாகப் படிகிறது. வானிலை நிலையத்தில் வெப்பமானி ஓர் ஆளின் மார்பு உயரத்தில், கூண்டுக்குள் இருப்பதால், அது 2 அல்லது 3 டிகிரி காட்டும் இரவிலும் தரைமட்டத்தில் உறைபனி விழுந்திருக்கக்கூடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இதைக் காண நாம் வெகுதொலைவு போக வேண்டியதில்லை. மதுரை நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டரில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறு, ஆறரை டிகிரி வெப்பம் குறையும் என்பதால், இரண்டு ஊர்களுக்கும் இடையே பன்னிரண்டு, பதின்மூன்று டிகிரி வேறுபாடு பொதுவாக இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளியும் டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும், கொடைக்கானல் ஏரியை ஒட்டிய புல்வெளிகளும் ஓடைக்கரைப் பள்ளங்களும் விடியற்காலையில் வெள்ளை படர்ந்து கிடக்கும். குளிர்ந்த காற்று கனமானது. அது சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. ஆகவே பள்ளத்துப் புல் வெளுத்திருக்கும் அதே காலையில், மேட்டுச் சரிவில் ஒன்றுமே இல்லாதிருப்பதும் உண்டு. ஒரே ஊருக்குள் தோட்டத்துக்குத் தோட்டம் உறைபனி மாறுவதன் காரணம் இதுதான்.

குளிர்நாடுகளில் ஓர் ஊரின் முப்பது ஆண்டு வெப்பநிலைப் பதிவேடுகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் ஆண்டும் வசந்த காலத்தில் கடைசியாக உறைபனி விழுந்த தேதியையும், இலையுதிர் காலத்தில் முதலாவதாக விழுந்த தேதியையும் குறித்துக்கொள்கிறார்கள். பொதுவாகச் சொல்லப்படும் கடைசி உறைபனி நாள், இரண்டு ஆண்டில் ஓர் ஆண்டு அதற்குப் பிறகும் உறைபனி விழக்கூடிய நாளே தவிர, ஆபத்து முற்றிலும் நீங்கிய நாள் அன்று. அதனால் முன்னெச்சரிக்கை உள்ளவர்கள், பத்து ஆண்டில் ஓர் ஆண்டு மட்டுமே தவறக்கூடிய பிந்தைய தேதி ஒன்றையும் தனியே கேட்டுப் பெறுகிறார்கள். இந்த இரண்டு தேதிகளுக்கும் உள்ள வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் நம் மழைக் கணக்கிலும் இதே சிக்கல் வருகிறது.

சர்க்கரைவள்ளிக்கு மட்டும் ஏன் இத்தனை கவனம் என்றால், அது அமெரிக்க வெப்பமண்டலத்தில் தோன்றிய கொடி. உறைபனி ஒரே இரவு விழுந்தாலும் இலைகள் மறுநாள் கறுத்துத் துவண்டுவிடும். கொடியை உடனே அறுத்து அகற்றாவிட்டால் அந்த அழுகல் தண்டு வழியாகக் கிழங்குக்கும் இறங்கும். உறைபனி இல்லாவிட்டாலும், மண்ணின் வெப்பம் 18 டிகிரிக்குக் கீழே இருந்தால் நட்ட துண்டு வேர் பிடிக்கத் தயங்கி நிற்கும். அதனால்தான் உறைபனி நாள் கழிந்த பிறகும் மண் சூடேறுவதற்காக இரண்டு மூன்று வாரம் காத்திருக்கச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் இக்கிழங்கு மிகுதியாக விளையும் வட கரோலினா மாநிலத்தில் மே, ஜூன் மாதங்களில் நட்டு, குளிர் திரும்புவதற்குள் தோண்டி எடுத்துவிடுகிறார்கள். முன்னே ஓர் எல்லை, பின்னே ஓர் எல்லை, நடுவே பயிரின் வயது அடங்க வேண்டும். உறைபனிக் கணக்கின் சாரம் இவ்வளவே.

இனி மதுரைக்கு வருவோம். இங்கே ஜனவரி மாத இரவுகளிலும் சராசரி வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது; மண் அதைவிடச் சூடாகவே இருக்கிறது. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று பெரியவர்கள் சொல்லும் பனி நம் உடம்பை நடுக்குமே தவிர, இந்தக் கொடியை ஒன்றும் செய்யாது. உண்மையில் நம் குளிர்காலம் இக்கிழங்குக்கு நன்மையே செய்கிறது. இரவு வெப்பம் மிகுதியாக இருக்கும்போது கொடி இலையும் தண்டுமாகப் படர்ந்துகொண்டே போகும். இரவு சற்றுக் குளிர்ந்து பகலும் குறுகும்போது, இலை தயாரிக்கும் மாவுச்சத்து கீழே இறங்கிக் கிழங்கில் சேரும். கார்த்திகையும் மார்கழியும் கிழங்கு பருக்கும் மாதங்களாக அமைவது நமக்கு வாய்த்த வசதி.

அப்படியானால் இங்கே பயிரைத் தடுக்கும் எல்லைகள் எவை? என் கருத்தில் இரண்டு: தேங்கும் நீர், வெடிக்கும் மண்.

தேங்கும் நீரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் புதியவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது இதில்தான். நட்ட துண்டின் கணுக்களிலிருந்து முதல் சில நாள்களில் பல வேர்கள் கிளம்புகின்றன. அவற்றில் எவை கிழங்காகப் பருக்கும், எவை வெறும் வேராகவே நின்றுவிடும் என்பது பெரும்பாலும் முதல் நான்கைந்து வாரத்துக்குள் முடிவாகிவிடுகிறது. அந்த நாள்களில் மண்ணில் காற்றோட்டம் வேண்டும். நீர் கட்டிக்கொண்டு வேருக்குக் காற்று கிடைக்காமல் போனால், கிழங்காக வேண்டிய வேர் நார் ஏறிப் பென்சில் தடிமனில் நின்றுவிடும். பிறகு எவ்வளவு உரம் இட்டாலும் எவ்வளவு வெயில் அடித்தாலும் அது பருக்காது. மேலே கொடி செழித்துப் பச்சைப்பசேல் என்று பாத்தியை மூடியிருக்கும். தோண்டிப் பார்த்தால் கீழே ஒன்றும் இருக்காது. சர்க்கரைவள்ளி நட்டேன், கொடிதான் வந்தது, கிழங்கு வரவில்லை என்று சொல்பவர்களிடம், எந்த மாதம் நட்டீர்கள், அதற்கடுத்த மாதம் மழை எப்படி இருந்தது என்ற இரண்டு கேள்விகளை முதலில் கேட்க வேண்டும். தழைச்சத்தை அளவுக்கு மேல் இடுவதாலும் நிழலில் நடுவதாலும் இதே நிலை வரலாம் என்றாலும், மழைக்காலத்தில் பெரும்பாலும் நீரே காரணமாக இருக்கிறது.

மதுரைக்கு ஓர் ஆண்டில் பெய்வது ஏறத்தாழ 850 மில்லிமீட்டர் மழை. அதில் ஏறக்குறைய பாதியை வடகிழக்குப் பருவமழை தருகிறது. அம்மழை தொடங்கும் இயல்பான நாள் அக்டோபர் 20 என்று இந்திய வானிலை ஆய்வுத் துறை வைத்திருக்கிறது. குளிர்நாட்டவர்க்கு உறைபனி நாள் எப்படியோ, அப்படியே நமக்கு இந்த நாள். ஆனால் இதுவும் ஒரு சராசரியே. 2020-இல் பருவமழை அக்டோபர் 28 அன்று தொடங்கியது. 2021-இல் 25 அன்று, 2022-இல் 29 அன்று. 2024-இல் முந்திக்கொண்டு 15 அன்றே தொடங்கிவிட்டது. அந்த 2024 அக்டோபர் 25 அன்று பிற்பகலில் மதுரையில் கொட்டிய மழையில் செல்லூர்ப் பகுதித் தெருக்களில் வெள்ளம் புகுந்தது பலருக்கும் நினைவிருக்கும். அதற்கு இரண்டு நாள் முன்னே நட்ட கொடி எந்தப் பாத்தியில் நின்றிருக்க முடியும்? ஆகவே அக்டோபர் 20-ஐ அப்படியே எல்லையாக எடுத்துக்கொள்ளாமல், ஒரு வாரம் முன்தள்ளி அக்டோபர் 13 என்று வைத்துக்கொள்வதே பத்து ஆண்டில் ஓர் ஆண்டு மட்டும் தவறலாம் என்ற முன்னெச்சரிக்கைக்கு நெருக்கமானது.

இன்னோர் எல்லையான வெடிக்கும் மண்ணுக்குப் பின்னால் இருப்பது கூன்வண்டு. இதன் புழு கிழங்கைக் குடைந்து உண்ணும். குடையப்பட்ட கிழங்கு கசந்துவிடும், மாடுகூட முகர்ந்துவிட்டு விலகும். இந்த வண்டால் ஈரமான, இறுகாத மண்ணைத் தோண்டிக்கொண்டு ஆழத்துக்குப் போக முடியாது. மண் காய்ந்து வெடிக்கும்போதும், பருக்கும் கிழங்கு மண்ணைப் பிளந்து தலைகாட்டும்போதும் உண்டாகும் பிளவு வழியாகவே கிழங்கை அடைகிறது. ஆகவே பங்குனி, சித்திரையின் வறட்சியில் முற்றிய கிழங்கை மண்ணுக்குள் விட்டுவைப்பது வண்டுக்கு விருந்து வைப்பதற்குச் சமம். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டத் தொடங்கியதும் கிழங்கு பருப்பதும் குறைந்துவிடுவதால், பங்குனி பிறக்கும்முன் தோண்டிவிடும்படி நம் கணக்கு அமைய வேண்டும்.

இப்போது பயிரின் வயது. பெரும்பாலான இரகங்கள் 100 முதல் 120 நாளில் முற்றுகின்றன. 110 என்று வைத்துக்கொள்வோம். ஆடிப்பட்டம் தேடி விதை என்ற பழமொழியை நம்பி ஆடி முதல் நாள், அதாவது ஜூலை 17 வாக்கில் நட்டால், 110 நாள் நவம்பர் 4-இல் முடிகிறது. அடைமழைக்கு நடுவே கிழங்கு தோண்ட வேண்டிவரும். சேற்றில் தோண்டிய கிழங்கு நிலைக்காது, தோண்டாமல் விட்டால் மண்ணுக்குள்ளேயே அழுகும். மற்றப் பயிர்களுக்கு அப்பழமொழி சொல்லும் அறிவுரையை நான் மறுக்கவில்லை; மதுரைப் பக்கத்தில் சர்க்கரைவள்ளிக்கு அது பொருந்தவில்லை என்றே சொல்கிறேன். கிணற்றுப் பாசனம் உள்ளவர்கள் ஒரு மாதம் முந்தி, ஆனி பிறந்ததும் ஜூன் 15 வாக்கில் நட்டால், அக்டோபர் 3-இல் பயிர் முடிந்து, மழைக்கு முன் கிழங்கு வீடு வந்து சேரும். ஆனி, ஆடிக் காற்றில் இளங்கொடி வாடாமல் நீர் காட்ட வேண்டியிருக்கும் என்பதே அதிலுள்ள சிரமம்.

எனக்கு மிகவும் பொருத்தமாகத் தோன்றும் பட்டம், ஆவணிக் கடைசியிலிருந்து புரட்டாசி முதல் வாரம் வரையிலானது. செப்டம்பர் 10 வாக்கில் நட்ட கொடிக்கு, அக்டோபர் 13-க்குள் ஐந்து வாரம் போல் முடிந்திருக்கும். அதாவது எந்த வேர் கிழங்காகும் என்பது முடிவாகும் நாள்கள் மழைக்கு முன்பே கடந்திருக்கும். பின்னர் வரும் மழை, வடிகால் சரியாக இருந்தால், பயிருக்கு உதவியாகவே இருக்கும். கிழங்கு பருக்கும் மாதங்கள் கார்த்திகையும் மார்கழியுமாக அமையும். 110 நாள் கணக்கில் டிசம்பர் 29-இலும், 120 நாள் கணக்கில் ஜனவரி 8-இலும் பயிர் முடியும். பொங்கலுக்கு முந்திய வாரத்தில் மதுரைச் சந்தைகளில் பனங்கிழங்கோடும் மஞ்சள் கொத்தோடும் சீனிக்கிழங்கு என்ற பெயரில் சர்க்கரைவள்ளியும் குவிந்து கிடக்கும் அந்த நாள்களுக்கு இது மிகச் சரியாகப் பொருந்துகிறது. பொங்கலுக்கு விற்கும் எண்ணத்தில், 120 நாள் இரகத்தைப் புரட்டாசிப் பாதிக்குப் பிறகு நடுபவர்கள் சந்தையையும் தவறவிட்டு, வேர்பிடிப்பையும் மழையில் இழக்கும் நிலைக்கு ஆளாகிறார்கள்.

நிலத்துக்குத் தக்கபடி இக்கணக்கை ஒரு வாரம் இப்படியும் அப்படியும் நகர்த்தலாம். அலங்காநல்லூர், பாலமேடு, நத்தம் பக்கத்துச் செம்மண்ணில் நீர் விரைவில் வடிந்துவிடுவதால், அங்கே புரட்டாசி நடுவரை நட்டாலும் பெரிய கேடில்லை. திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசல் நீரைப் பிடித்துவைக்கும், காய்ந்தால் ஆழமாக வெடிக்கும். மேலே சொன்ன இரண்டு எல்லைகளும் அந்த மண்ணில் ஒன்றாகவே கூடுகின்றன. கரிசல்காரர்கள் ஆவணி நடுவிலேயே நட்டுவிடுவதும், பாரை, அதாவது கொடி நடும் மண்வரப்பை, உயர்த்திப் பிடிப்பதும் நல்லது. வைகைக் கரையில் வயல் வைத்திருப்பவர்கள், பக்கத்து வயலில் நெல்லுக்குத் தேக்கும் நீர் தங்கள் பாரின் அடிக்குக் கசிகிறதா என்று நடுவதற்கு முன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நடவு நாளைக் கணக்கிட்டவர்கள் பலர் மறந்துவிடும் நாள் ஒன்று உண்டு. அது நாற்றங்கால் நாள். சர்க்கரைவள்ளியை வயலில் கிழங்காக நடுவதில்லை. கொடித் துண்டுகளைத்தான் நடுகிறோம். முந்திய பயிரின் கொடி கிடைத்தால் எளிது. கிடைக்காதவர்கள், வண்டு தொடாத நல்ல கிழங்குகளை மேட்டுப்பாத்தியில் புதைத்து, ஆறு வாரம் வளர்ந்த கொடியை நறுக்கி இரண்டாம் பாத்தியில் பெருக்கி, அங்கே இன்னும் ஆறு வாரம் வளர்த்து எடுக்க வேண்டும். செப்டம்பர் 10 நடவுக்கு, ஜூன் நடுவிலேயே கிழங்கு பாத்திக்குள் போயிருக்க வேண்டும் என்று இதற்குப் பொருள். சிறிய கொல்லைக்கு முதல் பாத்தி மட்டுமே போதுமானதாக இருக்கும். அப்போது ஜூலைக் கடைசியில் தொடங்கலாம்.

கொடியின் நுனிப் பக்கத்திலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு, மூன்று முதல் ஐந்து கணு இருக்கும்படி துண்டுகளை நறுக்கி, இலையோடு சேர்த்து ஈரச் சாக்கில் சுற்றி இரண்டு நாள் நிழலில் வைக்கவும். மூன்றாம் நாள் சாக்கைப் பிரித்துக் கணுவை உற்றுப் பார்த்தால், இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் கடுகளவுக்கும் சிறிய வெண்ணிற முளைகள் தோலைக் கிழித்துக்கொண்டு வந்திருக்கும். அவை வேர்முனைகள். அந்த நிலையில் நட்ட துண்டு ஓரிரு நாளிலேயே மண்ணைப் பிடித்துக்கொள்ளும். 60 சென்டிமீட்டர் இடைவெளியில் பார் பிடித்து, பாரில் 20 சென்டிமீட்டருக்கு ஒரு துண்டாக, நடுக்கணுக்கள் மண்ணுக்குள்ளும் இரு முனைகளும் வெளியேயும் இருக்கும்படி நட வேண்டும். ஒரு மாதம் கழித்துக் களையெடுத்து மண் அணைப்பதும், பின்னர் அவ்வப்போது கொடியைத் தூக்கிப் புரட்டிவிடுவதும் அவசியம். இல்லாவிட்டால் படர்ந்த இடமெல்லாம் கணுவுக்குக் கணு வேர்விட்டு, பயனில்லாத சிறு கிழங்குகளுக்குச் சத்து சிதறிவிடும்.

மாடியில் வளர்ப்பவர்களுக்குக் கணக்கு சற்று இளகியது. பையின் அடித்துளைகள் அடையாமல் இருந்தால் நீர் தேங்காது. ஆகவே புரட்டாசி முழுவதும் நடலாம். ஆனால் சித்திரை வெயிலில் பையின் மண் தரை மண்ணைவிட மிகுதியாகக் கொதிக்கும் என்பதால், கோடைக்குள் நீளும் பயிரை மாடியில் வைக்கவே வேண்டாம்.

மலையடிவாரத்திலும் மலைமேலும் நிலம் உள்ள வாசகர்களுக்கு ஒரு சொல். தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற கீழ்மலைப் பகுதிகளில் காப்பியும் மலைவாழையும் விளைகின்றன. அவையும் உறைபனியைத் தாங்காத பயிர்களே. அவை நிற்கும் சரிவில் சர்க்கரைவள்ளியும் நிற்கும். குளிரால் வளர்ச்சி மெதுவாவதால் வயதோடு மூன்று நான்கு வாரம் கூட்டிக்கொள்ள வேண்டும். பூம்பாறை, மன்னவனூர் போன்ற மேல்மலைப் பகுதிகளில் உறைபனி உண்மையாகவே எல்லையாக வந்து நிற்கிறது. கோடையிலும் மண் போதுமான அளவு சூடேறாத அந்த உயரத்தில் இக்கிழங்கை முயல்வதைவிட, அங்கே காலங்காலமாக விளையும் பூண்டையும் உருளையையும் நம்புவதே அறிவுடைமை.

அறுவடை நாளைக் காலண்டரை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. இலைகள் மஞ்சளாகத் தொடங்கியதும், ஓரத்தில் ஒரு கிழங்கைத் தோண்டி எடுத்துக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெட்டிய முகத்தில் பால் கசியும். அது சிறிது நேரத்தில் கரும்பச்சையாக மாறினால் கிழங்கு இன்னும் முற்றவில்லை. நிறம் மாறாமல் அப்படியே உலர்ந்தால் தோண்டலாம். முற்றிய பிறகும் விலைக்காக வாரக்கணக்கில் மண்ணில் விட்டுவைப்பது கூன்வண்டை அழைப்பதாகும்.

தோண்டிய கிழங்கைக் கழுவாமல், மண்ணை மட்டும் தட்டிவிட்டு, காற்றோட்டமுள்ள நிழலில் ஒரு வாரம் பரப்பி வைத்தால், தோண்டும்போது பட்ட சிராய்ப்புகள் ஆறித் தோல் கெட்டிப்படும். குளிர்நாடுகளில் இதற்காகவே தனி அறையை 30 டிகிரிக்குச் சூடேற்றி ஈரப்பதமும் ஊட்டுகிறார்கள். மதுரையில் ஜனவரிப் பகலே அந்த வெப்பத்தைத் தந்துவிடுகிறது, மேலே ஈரம் தெளித்த சாக்கு ஒன்றைப் போர்த்தினால் போதும். அதன் பின் இருட்டான, காற்று புகும் மூலையில் மணலிலோ வைக்கோலிலோ வைக்கலாம். குளிர்சாதனப் பெட்டியில் மட்டும் வைக்க வேண்டாம். 12 டிகிரிக்குக் கீழே போனால் இக்கிழங்கின் நடுப்பகுதி இறுகி, எவ்வளவு நேரம் அவித்தாலும் வேகாமல் கட்டியாகவே நிற்கும்.